சிறுவாட்டிலிருந்து கிராம சபை வரை

பழனிமலையில் எங்கள் கீழ்மலைப் பக்கம் வட்டியை யாரும் சதவீதத்தில் சொல்வதில்லை. ‘ரெண்டு வட்டி’, ‘மூணு வட்டி’, ‘பத்து வட்டி’ என்றுதான் பேச்சு. நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதுதான் அந்த எண். மூணு வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். பத்து வட்டி என்றால் 120 சதவீதம். பத்தே மாதத்தில் வாங்கிய தொகைக்குச் சமமாக வட்டி மட்டும் கட்டியிருப்போம், முதல் அப்படியே நிற்கும். சிறுகடன், மகளிர் குழு, ‘மைக்ரோ பைனான்ஸ்’ என்று காதில் விழுகிற எல்லாவற்றையும் புரிந்துகொள்ள இந்தக் கணக்கிலிருந்து தொடங்குவதுதான் சரி.

பழனிமலையைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி பக்கமெல்லாம் மேல்மலை. அங்கே பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட். தாண்டிக்குடி, பாச்சலூர், பெரியூர், கே.சி.பட்டி பக்கம் கீழ்மலை. இங்கே காப்பி, மிளகு, மலைவாழை, சவ்சவ். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் விருப்பாச்சி மலைவாழைக்கும் புவிசார் குறியீடே இருக்கிறது. மண் குறை வைக்கவில்லை. ஆனாலும் நடவு நேரத்தில் விதைப்பூண்டு வாங்கவும், களையெடுக்க ஆள் விடவும் கையில் காசு இருக்காது. அந்த நேரத்தில் யாரிடம் போய் நிற்கிறோம் என்பதுதான் ஒரு குடும்பத்தின் அடுத்த பத்து வருடத்தைத் தீர்மானிக்கிறது.

வங்கிக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். ஐயாயிரம் ரூபாய்க் கடனுக்கும் ஐந்து லட்ச ரூபாய்க் கடனுக்கும் வங்கி செய்கிற எழுத்து வேலை ஏறக்குறைய ஒன்றுதான். சின்னக் கடனில் அதற்கு லாபம் இல்லை. ஈடு கேட்கும். பட்டா தாத்தா பெயரில் இருக்கும், அல்லது பட்டாவே இருக்காது. வங்கி இருக்கிற ஊருக்குப் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறோம். வியாபாரி வட்டி என்று எதுவும் சொல்ல மாட்டார். ‘சரக்கை எனக்கே போடுங்க’ என்பார், அவ்வளவுதான். அறுவடை முடிந்ததும் விலையை அவர் சொல்வார், எடையை அவர் போடுவார். வடுகபட்டிச் சந்தையில் அன்றைக்குப் பூண்டு என்ன விலை போனாலும் முன்பணம் வாங்கியவருக்கு அது ஒட்டாது. விலைக்குள் ஒளிந்திருக்கும் இந்த வட்டி எத்தனை என்று யாரும் கணக்குப் போட்டதில்லை. போட்டுப் பார்த்தால் பல வருடங்களில் அது பத்து வட்டியையும் தாண்டும் என்பது என் எண்ணம்.

இதே நிலைதான் 1976ல் வங்கதேசத்தில் சிட்டகாங் அருகே ஜோப்ரா என்ற கிராமத்தில் இருந்தது. மூங்கில் முக்காலி செய்கிற பெண்கள், மூங்கில் வாங்க வியாபாரியிடம் கடன் வாங்கி, செய்த முக்காலியை அவரிடமே அவர் சொன்ன விலைக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்த முகமது யூனுஸ் அந்த ஊரில் இப்படிக் கடன்பட்டவர்களைக் கணக்கெடுத்தபோது 42 பேர் வந்தார்கள். அவர்கள் எல்லோருடைய கடனையும் சேர்த்தால் 27 டாலர். அதைத் தன் கையிலிருந்து கொடுத்தார். அங்கிருந்து வளர்ந்ததுதான் கிராமீன் வங்கி. 1983ல் முறையான வங்கி ஆனது, 2006ல் அவருக்கும் வங்கிக்கும் அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஈடு இல்லாத ஏழைகளை ஒரு குழுவாக உட்கார வைத்து, அந்தக் குழுவின் பேச்சையே ஈடாக எடுத்துக்கொள்வது என்பதுதான் அந்த வங்கியின் அடிப்படை. அதுதான் சிறுகடன்.

இந்தியாவில் இது இரண்டு வழியாகப் பிரிந்தது. இரண்டையும் ஊரில் ‘குழு லோன்’ என்று ஒரே பெயரில் சொல்கிறார்கள். பாதித் துன்பம் இந்தப் பெயர்க் குழப்பத்தில்தான் வருகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதல் வகை, நிறுவனம் கொடுக்கிற கடன். ஒரு நிதி நிறுவனத்தின் ஆள் ஊருக்கு வருவார், ஐந்து அல்லது பத்துப் பெண்களைச் சேர்க்கச் சொல்வார், ஆதார் அட்டையும் போட்டோவும் வாங்கிக்கொண்டு சில நாளில் பணம் கொடுப்பார். ஒருவர் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். பணம் வெளியிலிருந்து வருகிறது, வட்டியும் வெளியே போகிறது. குழு என்பது இங்கே வசூலுக்கான ஏற்பாடு, அதற்கு மேல் எதுவும் இல்லை.

இரண்டாம் வகை, சுய உதவிக் குழு. இதில் கடன் முதலில் வருவதில்லை, சேமிப்புதான் முதலில் வருகிறது.

நம் வீடுகளில் சிறுவாடு என்று ஒன்று உண்டு. அஞ்சறைப் பெட்டியின் அடியிலும் அரிசிப் பானைக்குள்ளும் பெண்கள் யாருக்கும் தெரியாமல் சேர்க்கிற காசு. என் அப்பத்தா பருப்பு டப்பாவில் வைத்திருந்தார். சுய உதவிக் குழு என்பது பதினைந்து பேருடைய சிறுவாடு வெளிச்சத்துக்கு வந்து ஒரே பெட்டியில் சேருவது. தமிழ்நாட்டில் இது 1989ல் தருமபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு அரசுத் திட்டமாகத் தொடங்கியது. 1992ல் விவசாயத்துக்கும் கிராம வளர்ச்சிக்குமான தேசிய வங்கியான நபார்டு, நாடு முழுக்க 500 குழுக்களை வங்கியோடு இணைத்துப் பார்க்கலாம் என்று ஒரு சோதனையை ஆரம்பித்தது. அதன்பின் மகளிர் திட்டம் மாநிலம் முழுக்க வந்தது. இன்றைக்குத் தமிழ்நாட்டில் குழு இல்லாத ஊரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

என் அம்மா சேர்ந்த குழுவில் பதினைந்து பேர். ஆரம்பத்தில் வாரம் பத்து ரூபாய். ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான்தான் கணக்கு எழுதுவேன், ஏனென்றால் பதினைந்து பேரில் சரளமாக எழுதத் தெரிந்தவர் இரண்டே பேர், அந்த இரண்டு பேருக்கும் கூட்டல் என்றால் பயம். வாரம் 150 ரூபாய். ஆறு மாதத்தில் 3,900 ரூபாய். இவ்வளவு பணத்தை அந்தப் பெண்களில் பலர் தங்கள் பெயரில் அதற்கு முன் பார்த்ததே இல்லை. முதல் கடன் 500 ரூபாய், ஒரு மதினியின் பிள்ளைக்குக் காய்ச்சல், வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக. ‘தொழில் தொடங்கக் கடன்’ என்று திட்டப் புத்தகங்களில் இருக்கும். நடப்பில் முதல் பத்துக் கடனும் காய்ச்சல், பள்ளிக்கூடம், ஒழுகுகிற கூரை என்றுதான் போகும். அதை வீண் செலவு என்று நான் நினைக்கவில்லை. அந்த 500 ரூபாய் பத்து வட்டிக்குப் போகாமல் நின்றதே பெரிய வருமானம்.

குழு ஒழுங்காக நடக்க ஐந்து காரியம் வேண்டும் என்பார்கள், அதற்குப் பஞ்ச சூத்திரம் என்றே பெயர்: தவறாமல் கூட்டம், தவறாமல் சேமிப்பு, உள்ளுக்குள் கடன் கொடுத்து வாங்குதல், காலத்தில் திருப்பிக் கட்டுதல், அன்றன்றைக்குக் கணக்கு எழுதுதல். ஐந்தில் எது முக்கியம் என்று என்னைக் கேட்டால் கூட்டம் என்பேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். பொதுவாகப் பத்து முதல் இருபது பேர் சேர்ந்தால் ஒரு குழு. மலைக் கிராமங்களிலும் பழங்குடிக் குடியிருப்புகளிலும் ஐந்து பேர் இருந்தாலே போதும் என்று தளர்த்தியிருக்கிறார்கள். பத்து வீடு மட்டுமே இருக்கிற பளியர் குடியிருப்புக்கு இது பெரிய உதவி.

இனி வட்டிக் கணக்கு. இதை ஒரு தாளில் எழுதிக்கொண்டே படித்தால் நல்லது.

குழுவில் 12,000 ரூபாய் கடன் வாங்குகிறீர்கள், ரெண்டு வட்டி, பன்னிரண்டு மாதம். மாதம் 1,000 ரூபாய் அசலில் கழிகிறது. முதல் மாதம் 12,000க்கு வட்டி 240. அடுத்த மாதம் பாக்கி 11,000, வட்டி 220. அதற்கடுத்து 200. இப்படியே குறைந்துகொண்டே வந்து கடைசி மாதம் வட்டி 20 ரூபாய்தான். எல்லாவற்றையும் கூட்டினால் 1,560 ரூபாய். இப்போது வெளியே ஒருவர் அதே ‘ரெண்டு வட்டிதான்’ என்று சொல்லி 12,000 கொடுக்கிறார். ஆனால் வட்டியைக் குறைக்காமல் கடைசி வரைக்கும் 12,000க்கே போடுகிறார். மாதம் 240, பன்னிரண்டு மாதத்துக்கு 2,880 ரூபாய். வாயில் சொன்ன வட்டி ஒன்றுதான், கையிலிருந்து போனது ஏறக்குறைய இரண்டு மடங்கு. முதல் கணக்குக்குக் குறையும் வட்டி என்று பெயர், இரண்டாவதற்கு நிலை வட்டி. யார் கடன் கொடுக்க வந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘வட்டி பாக்கிக்கா, மொத்தத்துக்கா?’ இதை மட்டும் கேட்கப் பழகினால் எத்தனையோ குடும்பம் தப்பிக்கும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. குழுவுக்குக் கட்டிய 1,560 ரூபாய் எங்கும் போய்விடுவதில்லை. அது குழுவின் நிதியில் சேர்ந்து, அடுத்தவருக்குக் கடனாகப் போகிறது. அதில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

ஆறு மாதம் ஒழுங்காகக் கூட்டம் நடத்தி, கணக்குப் புத்தகம் சரியாக இருந்தால், குழுவைத் தரம் பார்த்து வங்கி கடன் கொடுக்கும். சேமிப்பைப் போலப் பல மடங்கு கிடைக்கும். இருபது லட்சம் ரூபாய் வரைக்கும் ஈடு எதுவும் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தனியாகப் போனால் நாற்காலிகூடக் கிடைக்காத வங்கியில், குழுவின் தீர்மானப் புத்தகத்தோடு மூன்று பேர் போய் நிற்கும்போது மேலாளர் எழுந்து பேசுவதை நான் பார்த்திருக்கிறேன்.

தவணை எப்போது கட்டுகிறோம் என்பதிலும் மலைக்குத் தனிச் சிக்கல் உண்டு. காப்பிப் பழம் பறிப்பு நவம்பர் வாக்கில் தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை போகும். அதன் பின்னாலேயே மிளகு. அந்த நாலைந்து மாதம்தான் கையில் காசு புழங்கும். ஜூன், ஜூலையில் சாரல் அடிக்கும்போது வேலையும் இல்லை, வரவும் இல்லை. ஆனால் வாரத் தவணைக்கு ஆடி என்றும் தை என்றும் கிடையாது. செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமைதான். மாதச் சம்பளமோ தினக் கூலியோ உள்ள ஊருக்காகப் போட்ட தவணையை, வருடத்துக்கு ஒரு தடவை விளைகிற ஊரில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? ஒரு கடனின் தவணையைக் கட்ட இன்னொரு கடன் வாங்குவார்கள். சுய உதவிக் குழுவில் இதற்கு வழி இருக்கிறது. ‘மழை மாதத்தில் வட்டி மட்டும், மிளகு வித்ததும் முதல்’ என்று அவர்களே தீர்மானம் போட்டுக்கொள்ளலாம். எங்கள் குழு அப்படித்தான் போட்டது. பணம் யாருடையதோ அவர்கள்தான் விதியையும் எழுதுகிறார்கள் என்பதால் இது முடிகிறது.

கடன் மேல் கடன் ஏறினால் எங்கே போய் முடியும் என்பதை 2010ல் ஆந்திரா காட்டியது. ஒரே வீட்டுக்கு நாலைந்து நிறுவனங்கள் கடன் கொடுத்து, வசூல் நெருக்கடியில் தற்கொலைகள் நடந்து, அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது. எங்கள் ஊரிலும் எனக்குத் தெரிந்த ஒரு அக்காவுக்கு மூன்று நிறுவனத்தில் கடன். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துகொண்டு, கட்டாமல் போக மாட்டேன் என்றார் வசூலுக்கு வந்தவர். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள், ஏனென்றால் வெளியே வந்தால் அவர்களும் சேர்ந்து கட்ட வேண்டும். அன்றைக்கு அந்தக் கதவுகள் சாத்திய சத்தம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அந்த அக்காவுக்குத் தெரியாத விஷயங்கள் இவை: 2022 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி, சிறுகடன் வசூலுக்குக் காலை ஒன்பதுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது. முன்கூட்டியே கட்டி முடித்தால் அபராதம் போடக் கூடாது. தனியார் கந்துவட்டிக்குத் தமிழ்நாட்டில் 2003லேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. கட்டாய வசூலைத் தடுக்க 2025ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது.

சரி, நல்ல வட்டியில் நல்ல கடன் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். வறுமை போய்விடுமா?

பல நாடுகளில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஐதராபாத்தில் 104 குடியிருப்புப் பகுதிகளை எடுத்து, பாதியில் சிறுகடன் கொடுத்து, பாதியில் கொடுக்காமல், சில வருடம் கழித்து ஒப்பிட்டார்கள். எத்தியோப்பியா, மங்கோலியா, மொராக்கோ போன்ற நாடுகளிலும் இதே மாதிரி ஆய்வுகள் நடந்து, முடிவுகள் 2015ல் சேர்ந்து வெளிவந்தன. சிலருடைய தொழில் கொஞ்சம் பெருகியது. ஆனால் சராசரிக் குடும்பத்தின் வாழ்க்கை பெரிதாக மாறவில்லை. கடன் மட்டும் ஏழ்மையை நீக்கிவிடும் என்று தொண்ணூறுகளில் பேசியது மிகை என்று ஆயிற்று.

எங்கள் மலையில் ஏன் என்று கேட்டால், கீழ்மலைக்காரர் யாரும் பதில் சொல்வார்கள். குழுவில் கடன் வாங்கி ஒருவர் அரை ஏக்கரில் மலைவாழை வைக்கிறார். தார் நன்றாகத்தான் வருகிறது. தோட்டத்திலிருந்து வண்டி வருகிற இடத்துக்குப் பாதை இல்லை. குதிரையில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். குதிரைக் கூலி, ஏற்றுக்கூலி, வத்தலக்குண்டு போய்ச் சேர வண்டி வாடகை எல்லாம் போக, மிஞ்சுவது வட்டிக்குத்தான் காணும். இதில் கடன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது. பாதைதான் வரவில்லை. பாதையை எந்தக் குழுவும் கடன் வாங்கிப் போட முடியாது. தண்ணீர்க் குழாயும் அப்படித்தான், பிள்ளைகளுக்கு அங்கன்வாடியும் அப்படித்தான், மழைக்காலத்தில் நோயாளியை டோலி கட்டித் தூக்காமல் இருக்க ஒரு சிறு பாலமும் அப்படித்தான். இவையெல்லாம் ஊராட்சியின் வேலை. சிறுகடனைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஊராட்சியைப் பற்றிப் பேசாமல் விடுவது எனக்குப் பெரிய குறையாகப் படுகிறது.

அப்புறம் ஊராட்சி என்றால் என்ன என்பதையும் பார்த்துவிடுவோம். 1992ல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24ல் நடைமுறைக்கு வந்த 73வது அரசியல் சட்டத் திருத்தம், உள்ளூர் ஆட்சிக்குச் சட்டபூர்வ உயிர் கொடுத்தது. அதை ஒட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994ல் வந்தது. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர்கள், செயலர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். 2016ல் பெண்களுக்கான இட ஒதுக்கீடு பாதியாக உயர்ந்தது. ஆனால் எல்லோருக்கும் சரியாகத் தெரியாதது கிராம சபை.

ஊராட்சி மன்றம் என்பது தேர்ந்தெடுத்தவர்கள் உட்காரும் இடம். கிராம சபை என்பது அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும். நீங்களும் நானும் யாரும் தேர்ந்தெடுக்காமலே அதில் உறுப்பினர். மன்றத்துக்குப் பதவிக்காலம் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் உட்பட 2019 இறுதியில் தேர்தல் நடந்த ஊராட்சிகளில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. கிராம சபைக்குப் பதவிக்காலம் கிடையாது. அதை யாரும் கலைக்க முடியாது.

தமிழ்நாட்டில் முன்பு வருடத்துக்கு நான்கு தடவை கூடியது: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகியவையும் சேர்ந்து ஆறு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேர் வந்தால் கூட்டம் செல்லும். 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். போன கூட்டத்துக்குப் பின் வந்த வரவு என்ன, செலவு என்ன என்று அங்கே படித்துக் காட்ட வேண்டும். அடுத்த வருடம் என்ன வேலை எடுப்பது என்ற ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கு அங்கேதான் ஒப்புதல். பணமும் சும்மா இல்லை: 2021 முதல் 2026 வரை பதினைந்தாவது நிதிக்குழு சொன்னபடி மத்திய அரசு ஊராட்சிகளுக்குத் தந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும்தான் செலவு செய்ய வேண்டும் என்று கட்டு வைத்திருந்தார்கள். இது தெரிந்தவர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து ‘குடிநீருக்கு வந்த பணம் எவ்வளவு?’ என்று கேட்டால், பேச்சே வேறாகிவிடும். (பண்ணைக்காடு மாதிரிப் பேரூராட்சியில் இருப்பவர்கள் குழம்ப வேண்டாம். அங்கே கிராம சபை கிடையாது, வார்டு குழு, பகுதி சபா என்று தனி ஏற்பாடு.)

மலைக்கு இதில் இன்னொரு கதவு திறக்கிறது. நம் பாதையும் குழாயும் பெரும்பாலும் வன நிலத்தைத் தாண்டித்தான் வர வேண்டும். ‘பாரஸ்ட் விடாது’ என்ற ஒரே வார்த்தையில் எத்தனையோ கோரிக்கை முடிந்துபோயிருக்கிறது. 2006ல் வந்த வன உரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் ஒரு வழி இருக்கிறது. பள்ளிக்கூடம், மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, மின் கம்பி, குடிநீர்க் குழாய், சாலை, சமுதாயக் கூடம் என்று பதின்மூன்று வகை வேலைகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வன நிலத்தைக் கொடுக்கலாம். ஒரு ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது. இதற்கு முதல் நிபந்தனை, கிராம சபையின் பரிந்துரை. ஊரே கேட்டால்தான் கோப்பு நகரும். இந்தச் சட்டத்தின்கீழ் கூடும் சபையில் பாதி உறுப்பினர்களாவது வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும் என்று 2012ல் விதியைத் திருத்தினார்கள்.

பெண்கள் வராவிட்டால் கூட்டமே செல்லாது. அந்தப் பெண்கள் எங்கிருந்து வருவார்கள்?

குழுக் கூட்டம்தான் முக்கியம் என்று முன்னால் சொன்னேனே, அதற்குக் காரணம் இதுதான். வாரா வாரம் பாயில் வட்டமாக உட்கார்ந்து, ‘போன வாரம் இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது’ என்று படிக்கக் கேட்டுப் பழகியவளுக்கு ஊராட்சியின் வரவு செலவு அந்நியமாகத் தெரியாது. ‘நீ ரெண்டு தவணை கட்டலையே’ என்று சொந்த நாத்தனாரைப் பார்த்தே நாலு பேர் முன்னால் கேட்டுப் பழகியவளுக்குச் செயலரைப் பார்த்துக் கேட்பது பெரிய காரியம் இல்லை. எழுதாத தீர்மானம் தீர்மானமே இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஆய்வு ஒன்று இதையே காட்டுகிறது: சுய உதவிக் குழுவில் இருக்கும் பெண்கள், இல்லாதவர்களைவிட அதிகமாகக் கிராம சபைக்குப் போகிறார்கள். பணம் கிடைத்ததைவிட, பேசிப் பழக ஒரு கூட்டம் கிடைத்ததுதான் அதற்குப் பெரிய காரணம். பெண்கள் பேசினால் என்ன மாறும் என்பதற்கும் சான்று இருக்கிறது. மேற்கு வங்கத்தில் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் குடிநீருக்கும் சாலைக்கும் செலவு கூடியது என்று 2004ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது.

இந்தியாவில் மட்டுமில்லை. ஆப்பிரிக்காவில் நைஜர் என்ற நாடு, உலகத்தின் மிக ஏழை நாடுகளில் ஒன்று, மக்களில் பெரும்பாலோர் கிராமத்தில். வங்கியே எட்டாத அந்த ஊர்களில் 1991ல் பெண்களின் சேமிப்புச் சங்கங்கள் தொடங்கின. வெளிப் பணம் ஒரு காசு கிடையாது. சேர்த்த காசை ஓர் இரும்புப் பெட்டியில் வைத்து, மூன்று பூட்டுப் போட்டு, மூன்று சாவியையும் மூன்று பெண்கள் வைத்துக்கொள்வார்கள். மூவரும் வந்தால்தான் பெட்டி திறக்கும், எல்லோர் கண் முன்னாலும் எண்ணுவார்கள். இந்த முறை பிறகு ஆப்பிரிக்கா முழுக்கப் பரவியது. 2004ல் நைஜரில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது இந்தச் சங்கங்களின் பெண்கள் பலர் போட்டியில் இறங்கினார்கள். பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஊர் மன்றத்தில் போய் உட்கார நினைத்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஏழை நாட்டுக்கு உதவி செய்ய நினைக்கிறவர்கள் பணத்தை ஒரு திட்டமாகவும் உள்ளாட்சிப் பயிற்சியை வேறொரு திட்டமாகவும் பிரித்து நடத்துகிறார்கள். கீழே இருக்கிறவர்களுக்கு இரண்டும் ஒரே பாயில்தான் நடக்கிறது.

எங்கள் ஊர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். சுனையிலிருந்து குடியிருப்புக்குக் குழாய் வேண்டும் என்று அம்மாவின் குழு ஒரு கிராம சபையில் கேட்டது. ‘பார்க்கலாம்’ என்றார்கள். அடுத்த கூட்டத்தில் கேட்டபோது, போன கூட்டத்துத் தீர்மான நோட்டில் அப்படி ஒரு வரியே இல்லை. எல்லோருக்கும் கோபம். ஆனால் சண்டை போடவில்லை. அதற்கடுத்த கூட்டத்துக்கு முன்னால் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் கோரிக்கையை எழுதினார்கள்: எந்தச் சுனை, எத்தனை வீடு, குழாய் எவ்வளவு தூரம், அதில் வன நிலம் எவ்வளவு. பக்கத்து இரண்டு குழுக்களும் சேர்ந்து கையெழுத்துப் போட்டன. கிராம சபையில் அம்மா அதை நின்று படித்தார். படித்ததை அப்படியே நோட்டில் எழுதும் வரை நாற்பது பெண்களும் எழுந்து போகவில்லை. குழாய் வர அதற்குப் பிறகும் மூன்று வருடம் ஆனது. சாவடிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் குழாயில்தான் இப்போதும் தண்ணீர் பிடிக்கிறோம்.

உங்கள் ஊரில் அடுத்த கிராம சபை வரும்போது போய்ப் பாருங்கள். தேதியும் இடமும் முன்கூட்டியே அறிவிப்பார்கள், ஊராட்சி அலுவலகத்தில் கேட்டாலும் சொல்வார்கள். குழுவில் இருந்தால் முந்தின வாரக் கூட்டத்திலேயே என்ன கேட்பது என்று பேசி, ஒன்றே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதிக்கொண்டு போங்கள். ஏழெட்டுக் கோரிக்கையோடு போனால் ஒன்றும் பதிவாகாது. கூட்டத்தில் முதலில் ஒரு நோட்டு சுற்றி வரும், வந்தவர்கள் கையெழுத்துப் போட. அது வருகைக்கான கையெழுத்து. தீர்மானங்கள் எழுதி முடித்தபின் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் கோரிக்கை அதில் எத்தனையாவது தீர்மானம் என்ற எண்ணைக் குழுவின் புத்தகத்தில் தேதியோடு குறித்து வையுங்கள். வட்டார வளர்ச்சி அலுவலகத்தில் கேட்டாலும், கலெக்டரின் குறைதீர் கூட்டத்தில் கேட்டாலும், முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.